தலைமையாசிரியரின் கையெழுத்து

அறுபதுகளில் செஞ்சியில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியபோது கணக்கில் எனக்கு இருபத்தெட்டு மதிப்பெண். என் தோழி லூர்துமேரிக்கு முப்பது. எங்களுக்குக் கணக்கு எடுத்தவர் தலைமையாசிரியர்தான். மதிப்பெண் புத்தகம் வாங்கப் போனபோது, எங்கள் இருவரின் அப்பாக்களையும் எதிரில் நிற்கவைத்துச் சொன்னார்:

"இதுங்களுக்கு இன்னாத்துக்குக் காலேஜி? மாடு மேய்க்க அனுப்புங்க."

என் நைனா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுபடியும் தேர்வு எழுதலாம் என்று லூர்துவைக் கூப்பிட்டேன்.

"அவரே சொல்ட்டாரு, எனக்கு வராதுடி" என்றாள். வேர்க்கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை பறிக்கக் கூலிக்குப் போய்விட்டாள்.

நான் தினமும் கோட்டைக்குள் கல்யாண மகால் படியில் உட்கார்ந்து, அந்த ஆளைத் திட்டிக்கொண்டே கணக்குப் போட்டேன். செப்டம்பரில் எழுபத்தொன்று வாங்கினேன்.

கல்லூரியில் பி.யூ.சி. சேர, நன்னடத்தைச் சான்றிதழில் அவருடைய கையெழுத்து வேண்டும். போனேன். மற்ற ஆசிரியர்களையெல்லாம் கூப்பிட்டார்.

"பாத்தீங்களா, அன்னிக்கி நான் திட்னேன். இன்னிக்கி பாஸ் பண்ணிட்டு வந்து நிக்குது. இன்னாம்மா, சரிதானே?"

அதே திட்டைத்தானே லூர்துவும் வாங்கினாள், அவள் எங்கே சார்? கேள்வி தொண்டைவரை வந்துவிட்டது. அவர் பேனா மூடியைத் திறக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சார். நீங்க திட்னதாலதான் சார்" என்றேன்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்த மனிதரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. அன்றைக்கு 'ஆமா சார்' சொன்னவளை அதைவிடவும் மன்னிக்கவில்லை.