தங்கச்சிக்கு வரன் பார்த்த லென்ஸ்

படம் எடுப்பவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. கையில் இருக்கும் லென்ஸில் ஒழுங்காக எடுக்கப் பழகுவதற்குள் அடுத்த லென்ஸ் வேண்டும். எனக்கு அது முற்றிப்போய், ஹட்டன் டவுனில் நான் நடத்தும் சின்ன ஸ்டூடியோவுக்கு வரும் கல்யாண ஓர்டர்களை நம்பி, கொழும்பிலிருந்து ஒரு பதினாலு எம்.எம். வைட் லென்ஸ் வாங்கி வந்தேன். முன்கண்ணாடி தவளைக் கண் மாதிரி பிதுங்கி நிற்கும். மூலையில் நின்றபடியே முழு மண்டபத்தையும் ஒரே படத்துக்குள் அடைத்துவிடலாம் என்றார் விற்றவர். உண்மைதான், அடைத்தது. மண்டபத்தோடு என் காலில் கிடக்கும் சப்பாத்தும் கைவிரலும் சேர்ந்து விழும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

முதலில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மலையைத்தான் எடுத்துப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து நான் அண்ணாந்து பார்க்கும் மலை, படத்தில் கறையான் புற்றளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. என் காலடியில் கானில், அதாவது சாக்கடை வாய்க்காலில், ஓடிய தண்ணீரோ மகாவலி கங்கையாக அகன்றிருந்தது. அடுத்ததாக டவுனில் பக்கத்துக் கடை முதலாளியைக் குடும்பத்தோடு நிற்க வைத்து எடுத்தேன். ஓரத்தில் நின்றவருக்குத் தலை பூசணிக்காயாக வீங்கிவிட்டது. "தம்பி, இது கமராவுல வந்த கோளாறா, எனக்கு வந்த கோளாறா?" என்று கேட்டார். இந்த லென்ஸின் குணம் அப்படி, நடுவில் இருப்பதைச் சிறுசாக்கும், ஓரத்தில் இருப்பதை இழுத்துவிடும் என்று விளக்கினேன். "அப்ப எதுக்கு அத வாங்குனீங்க?" என்றார். வியாபாரிகளுக்கு எப்போதும் நியாயமான கேள்விகள்தான் வரும்.

இந்த நேரத்தில் தங்கச்சிக்கு ராகலையிலிருந்து ஒரு வரன் வந்தது. பஜாரில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளை அவளோடு போனில் சில தடவை பேசியிருந்தார். என் தங்கச்சி தோட்டத்துப் பாலர் பாடசாலையில் பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவள். யாரையும் லேசில் பிடித்திருக்கிறது என்று சொல்லமாட்டாள். இவரைப் பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அதற்கு முன் வந்த வரன்கள் எல்லாம், வீடு தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் என்று தெரிந்ததும் ஜாதகம் சரியில்லை என்று நழுவியவை. இதுவாவது கூடிவர வேண்டுமே என்று வீட்டில் எல்லோரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

தரகர் அம்மாவுக்குப் போன் எடுத்தார். எங்கள் லயத்தில் சிக்னல் கிடைப்பது இஸ்தோப்பில், அதாவது முன்வாசலில், ஒரே ஒரு மூலையில்தான். காற்றடித்தால் அதுவும் போய்விடும். மகன் எப்படி இருக்கிறான் என்று தரகர் விசாரித்திருக்கிறார். அம்மா பெருமை தாங்காமல், "அவன் புதுசா ஒரு கமரா வாங்கிருக்கான்ங்க" என்றிருக்கிறார். அம்மாவுக்கு லென்ஸ், கமரா எல்லாம் ஒன்றுதான். ஆனால் காற்றில் அடிபட்டுத் தரகரின் காதில் போய் விழுந்தது 'காம்பரா'.

எங்கள் பக்கத்தில் காம்பரா என்றால் லயத்து அறை. ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் சமைக்க ஒண்டுக் குசினி, இவ்வளவுதான் எங்கள் வீடு. அதோடு பையன் இன்னொரு காம்பராவையும் வாங்கிச் சேர்த்துவிட்டான் என்றால் சும்மாவா? "பெருசுங்களா?" என்று தரகர் கேட்டிருக்கிறார். "பாக்க சின்னதுதாங்க. ஆனா எல்லாமே அதுக்குள்ள அடங்கிருமாம்" என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

மாப்பிள்ளை வீட்டார் சந்தோஷப்பட்டு, பொண்ணையும் வீட்டையும் சேர்த்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். காம்பரா கதை எனக்கு அப்போது தெரியாது. தங்கச்சியை நடுவில் நிற்க வைத்தேன். பழைய லென்ஸில் எடுத்தால் அவள் முகமும் பாதி அலுமாரியும்தான் வரும். ஆகவே புதுசை மாட்டி, கதவு நிலையில் முதுகை ஒட்டிக்கொண்டு எடுத்தேன். மூன்று சுவரும் கூரையும் ஒன்றாக வந்தன. கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே ஆள் ஒருக்களித்துப் போகும் சந்து, பிள்ளைகள் பந்து விளையாடும் அளவுக்கு விரிந்திருந்தது. எங்கோ தூரத்தில் தங்கச்சி நின்றாள்.

"இது யாரு வீடு?" என்று கேட்டார் அம்மா.

தங்கச்சி படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, இது பொய் இல்லையா?" என்றாள். கமரா பொய் சொல்லாது என்றேன். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடித்து வை என்பார்கள். நான் ஒரே படத்தில் கணக்கை முடித்துவிட்டேன் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, தூறலோடு தூறலாக, அவர்கள் வந்து இறங்கினார்கள். இருப்பது இரண்டு காம்பரா, அதில் ஒன்று மண்டபம் என்ற நம்பிக்கையில் பெரியப்பா, அத்தை, சித்தி என்று ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். பெண்கள் கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் இஸ்தோப்பில் நின்றார்கள். அதிலும் மிஞ்சியவர்கள் பக்கத்து வீட்டுக் கூரைக்குக் கீழே ஒதுங்கினார்கள். மாப்பிள்ளைக்கே உள்ளே இடமில்லை.

பெரியப்பா மட்டும் விடாமல் அலுமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "புதுசா வாங்குன காம்பரா எந்தப் பக்கங்க?" என்று கேட்டார். அப்பா விழித்தார். தரகர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். நடந்தது என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அலுமாரியைத் திறந்து கமராவை எடுத்து நீட்டினேன். "இதுதாங்க" என்றேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா போனை எடுத்து என் படத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி தேத்தண்ணித் தட்டோடு குசினியிலிருந்து வந்தாள். அவள் நல்ல வாட்டசாட்டமானவள். உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களுக்கு நடுவே நுழைய வழியில்லாமல் அப்படியே நின்றாள்.

"படத்துல வீடு பெருசா இருந்துச்சு, பொண்ணு சிறுசா இருந்துச்சு" என்றார் அந்தம்மா. "நேர்ல பாத்தா பொண்ணு பெருசா இருக்கு, வீடு சிறுசா இருக்கு."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த லென்ஸைக் கானில் வீசியெறிய வேண்டும் போலிருந்தது. தட்டில் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. தங்கச்சி அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அந்தம்மாவை நேராகப் பார்த்தாள்.

"வீட்டையா கட்டிக்கிட்டுப் போகப் போறீங்க?" என்று கேட்டாள். "இது தோட்டத்துக்குச் சொந்தமான காம்பராங்க. எங்களாலேயே தூக்கிட்டுப் போக முடியாது. வந்தா நான் மட்டுந்தான் வருவேன்."

இஸ்தோப்பிலிருந்து மாப்பிள்ளை சிரிப்பது கேட்டது. அந்தம்மா வாசல் பக்கம் திரும்பி மகனை ஒரு பார்வை பார்த்தார். தங்கச்சியையும் மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் இருந்த நாத்தனாரை இடுப்பால் ஒரு இடி இடித்து நகர்த்தி, கட்டிலில் கொஞ்சம் இடம் பண்ணினார். "தட்ட வச்சுட்டு இப்புடி உக்காரும்மா. நிமுந்து பாத்துப் பேசுனா கழுத்து வலிக்குது" என்றார்.

தங்கச்சி உட்கார்ந்தாள். அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேனில் ஏறுவதற்கு முன் அந்தம்மா அப்பாவிடம் சம்மதம் சொன்னார். சீர், செனத்தி என்று எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"கல்யாணத்துக்குப் படம் எடுக்க மட்டும் வெளியில ஒரு ஆளப் பாத்துக்குவோம்ங்க."

அம்மா உடனே சரி என்றார். அப்பாவும் சரி என்றார். தங்கச்சியும் தலையாட்டினாள். என்னை யாரும் கேட்கவில்லை.