நாலு பாய் வயல்

எனக்கு அறுபத்தெட்டு முடிந்துவிட்டது. பெற்றது நாலு, செத்துப்போன தங்கச்சியின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறும் படித்ததுகள். நான் மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன்; மெதுவாகத்தான் வரும்.

ஆட்சி மாறி, சுவரெல்லாம் கறுப்புச் சிவப்பாக இருந்த காலம். கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டதற்காகத் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஊரில் எங்களுக்கு வேலை இல்லை என்று ஆகிவிட்டது. குடியிருந்த மனையும் பண்ணைக்காரருடையது. தஞ்சாவூருக்கு வந்து, ஊருக்கு வெளியே வாய்க்கால் கரையில் கீற்றுக் குடிசை போட்டோம். எனக்குப் பத்து வயது. இடம் புறம்போக்கு என்றார்கள். அது எங்கள் தெருவின் பெயர் என்று நினைத்து, பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிவந்தேன்.

அப்பா மண்டியில் மூட்டை தூக்கினார். மற்ற நேரமெல்லாம் சொந்த வயல் கனவுதான். குடிசைக்குப் பின்னால் நாலு பாய் விரிக்கிற அளவுக்குச் சேறு கிடந்தது. அதற்கு வரப்பு கட்டி, ஊரிலிருந்து அம்மா முந்தானையில் முடிந்து வந்த விதைநெல்லை நாற்றுவிட்டு நட்டார்.

அக்கம்பக்கத்துக்கு நல்ல வேடிக்கை. “என்ன மிராசுதாரே, அறுப்புக்கு எத்தினி ஆளு வேணும்?”

“ஒரு ஆளு போதும். அவரு குந்துனா வயலே மறைஞ்சிடும்” என்று அம்மாவும் சேர்ந்துகொள்வாள்.

கதிர் பால் பிடித்த சமயம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். குடிசையைப் பிரிக்கக் கடப்பாரையோடு இரண்டு ஆட்கள். அம்மா பானைகளை வெளியே எடுத்து வைத்தாள். மறுபடி எங்கே போவது என்று அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் பின்பக்கம் வந்து, வரப்பைத் தாண்டிக் காலை வைக்கப் போனார். நான் ஓடிப்போய் மறித்தேன்.

“செருப்போட எறங்காதீங்க! வயலு!”

கடப்பாரை ஆட்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து ஒரு மணியைக் கிள்ளினார். பால் வந்தது.

“எந்த ஊருய்யா?”

அப்பா சொன்னார்.

“நானும் அந்தப் பக்கந்தான். பால் பிடிச்ச பயிர மிதிக்கச் சொல்றியா என்னை?” என்று, ஏதோ அப்பாதான் அவரை வரச்சொன்னது மாதிரி கோபித்துக்கொண்டார். ஆட்களை அனுப்பிவிட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். “இதைத் தொலைச்சிடாதே” என்று இரண்டு தடவை சொன்னார்.

வீட்டில் எழுத்துத் தெரிந்தது எனக்குத்தான். கூட்டம் சுற்றி நிற்க வாசித்தேன். அப்பா பெயர் இருந்தது. எங்கள் தெரு இருந்தது. ‘பயிர் நெல்’ என்று இருந்தது. நடுவில் ஒரு நீளச் சொல் வாயில் நுழையவில்லை, தாண்டிவிட்டேன். “பட்டா வந்துடுச்சு!” என்று கத்தினேன். கேலி பேசியவர்களே அப்பாவைத் தோளில் தூக்கி ஆடினார்கள். அறுத்த புதுநெல்லில் அம்மா ஆளுக்கு ஒரு கை பொங்கல் வைத்தாள். தாள் கண்ணாடிச் சட்டம் போட்டு, சந்தனப் பொட்டோடு சுவரில் ஏறியது.

பதினைந்து வருஷம் கழித்து நிஜப் பட்டா கொடுக்க வந்தவர்கள், எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள், அத்தாட்சி எங்கே என்றார்கள். சட்டத்தைக் கழற்றிக் கொடுத்தோம்.

“இது பட்டா இல்லம்மா, இடத்தைப் பிடிச்சதுக்கு அபராத நோட்டீசு” என்றார் ஆபீசர். “ஆனா பேரு, தேதி எல்லாம் இருக்கு. இதைவிடச் சாட்சி வேணாம்.”

தொலைச்சிடாதே என்று இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை சொன்னது எதற்கு என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அந்த நாலு பாய் இடம் இப்போது என் வீட்டு அடுப்படி.

பேத்தி, எழுதினதை வாசித்துக் காட்டு. சுவரில் இருக்கிற தாளையும் சேர்த்து வாசி. நான் தாண்டின அந்த ‘ஆக்கிரமிப்பாளர்’ என்பதை நீ தாண்டாதே. சத்தமாக வாசி, தெருவுக்கே கேட்கட்டும்.