மணலில் எட்டுப் பேர்

சித்தப்பா இலங்கையிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்தவை ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கம்பளிச் சட்டை, ஒரு பந்து. பெட்டியைத் திறக்கும்போது தெருவே கூடி நின்றது. கம்பளிச் சட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் ஊரில் அதை எந்த மாதத்தில் போடுவது? பந்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அது உருண்டையாக இல்லை. பலாக்கொட்டையைப் பெரிதாக்கித் தோலில் தைத்த மாதிரி இருந்தது.

"கப்பல்ல நசுங்கிருச்சா?" என்று அம்மா உண்மையான வருத்தத்தோடு கேட்டாள்.

சிறுவயதிலேயே உறவுக்காரர் ஒருவரோடு கடல் கடந்து போனவர் சித்தப்பா. கண்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், துரைமார் கிளப்பில் புல் வெட்டுவதும் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதும் அவர் வேலை. ஆள் குறையும் நாட்களில் அவரையும் ஆட்டத்தில் இறக்கிவிடுவார்களாம். ஆட்டத்தின் பெயர் ரக்பி. அந்த நாட்டுக் குடியுரிமை உனக்கில்லை என்று திருப்பி அனுப்பியபோது, கிளப்பின் பழைய பந்து ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தரங்கம்பாடிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. புதிய ஆட்சி வந்து ஊரில் கொடிகள் மாறியிருந்தன, மிராசுதார் மாறவில்லை. அந்தத் தை மாதம் கதிர் சாய்ந்து நின்றபோது, அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூட்டித் தரவேண்டும் என்று எங்கள் தெருக்காரர்கள் கேட்டார்கள். மிராசுதார் மறுத்துவிட்டு வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். எங்கள் தெரு வயலில் இறங்க மறுத்தது.

வேலையில்லாத ஆண்களை அதுவரை நான் பார்த்ததில்லை. மாதா கோயில் வேலியோரம் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். பசி ஏற ஏற ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டை. ஒரு நாள் அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் ஒரு பீடிக்காகக் கட்டிப் புரண்டார்கள். விலக்கிவிட்ட சித்தப்பா, "உருளுறதுன்னா ஆத்து மணல்ல உருளுங்க, அடிபடாது" என்று சொல்லிப் பந்தை எடுத்துக்கொண்டு நடந்தார்.

"பட்டினி கெடக்குறப்ப வெளையாட்டு என்ன தம்பி?" என்றார் அப்பா. ஆனாலும் போனார்.

ஆற்றில் தண்ணீர் வற்றி மணல் வெளுத்துக் கிடந்தது. முதல் நாள் ஆட்டம் நடக்கவே இல்லை. பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று பந்துக்கே தெரியாது. துரத்திப்போனவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, பல நாள் கழித்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு விதிகள் புரிந்தன. பந்தோடு முன்னால் ஓடலாம். கையால் கொடுப்பதென்றால் பின்னால் வருபவனுக்குத்தான் கொடுக்கவேண்டும். "பின்னால நம்ம ஆளு இருக்கான்னு நம்பி ஓடணும், அவ்வளவுதான்" என்பார் சித்தப்பா. குட்டையாக இருந்த மாமாவுக்கும் அதில் ஓர் இடம் இருந்தது, மலை மாதிரி இருந்த அப்பாவுக்கும் ஓர் இடம் இருந்தது. இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் பிணைத்துக் குனிந்து முட்டித் தள்ளுவார்கள். நடுவில் பந்தை உருட்டிவிடுவது என் வேலை. உருட்டிவிட்டு ஓடி வந்து, அப்பாவின் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மிராசுதார் வீட்டு வண்டி வந்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பாதையைவிட்டு இறங்கி நிற்கிற அப்பா இல்லை அது. பத்தே நாளில் தெருவில் சண்டை ஓய்ந்தது. கஞ்சியை மூன்று வீட்டுக்குச் சேர்த்துக் காய்ச்சினார்கள்.

மிராசுதாரின் காரியக்காரர் ஒரு நாள், நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் சைக்கிளை நிறுத்தினார்.

"ஏ புள்ள, ஆத்துல என்ன கூட்டம் தெனமும்?"

இத்தனை பெரிய மனிதர் என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஆட்டங்க ஐயா. எட்டுப் பேரு தோளப் புடிச்சுத் தள்ளணும். ஒத்துமையாத் தள்ளுனா எதுக்க யாரு வந்தாலும் நிக்கமுடியாதுன்னு எங்க சித்தப்பா சொல்றாரு."

"எதுக்க யாரு வந்தாலுமா?"

"ஆமாங்க ஐயா. அடிபட்டாலும் எந்திரிச்சிரணும். பயப்படவே கூடாது."

அவர் தலையாட்டிக் கேட்டார். நான் வீடுவரை குதித்துக்கொண்டே போனேன்.

மூன்றாம் நாள் காலையில் போலீஸ் வண்டி ஆற்றுக்குள் இறங்கியது. வெளியூர் ஆட்களைத் தாக்க சிலோன்காரன் பயிற்சி கொடுக்கிறானாம். "ஐயா, இது வெளையாட்டுங்க" என்று சித்தப்பா கும்பிட்டுச் சொன்னார். அவரைக் கழுத்தைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். பந்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு கான்ஸ்டபிள் அதைக் கத்தியால் குத்தினார். புஸ்ஸென்று சத்தம் வந்ததும் அத்தனை போலீஸும் பின்னால் நகர்ந்தது. உள்ளே காற்றுதான் இருந்தது.

சித்தப்பா திரும்பி வந்தபோது அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடந்தது. அரைப்படி கிடைக்கவில்லை, பழைய கூலிக்கே எல்லோரும் இறங்கியிருந்தார்கள். அவருடைய வலது கை தோளுக்குமேல் எழவில்லை. அதற்குப் பிறகு அவர் அரிவாள் பிடிக்கவே இல்லை. யார் போய்ச் சொன்னது என்று தெரு பல வருஷம் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டது. கேட்டவர்களிடமெல்லாம் சித்தப்பா, "யாரும் சொல்லல, ரோட்டுலேருந்து பாத்தாலே தெரியுமே" என்று ஒரே பதிலைச் சொன்னார்.

வந்த அன்று அவர் இடது கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாருமில்லை. அவரைச் சந்தோஷப்படுத்த என்னிடம் ஒரு செய்தி இருந்தது.

"சித்தப்பா, காரியக்காரரு நம்ம ஆட்டத்தப் பத்திக் கேட்டாரு. எட்டுப் பேரு தள்ளுறது, பயப்படக் கூடாதுங்குறது, எல்லாத்தையும் நான் சரியாச் சொல்லிட்டேன்."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, இடது கையால் என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் சொல்லியிருக்க" என்றார். பிறகு, "இத வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத கண்ணு. அப்பாகிட்டகூட. எப்பவுமே."

எனக்குக் கோபம் வந்தது. நான் அவ்வளவு அழகாக விளக்கியதை நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட விடாமல் தடுக்கிறாரே, ஆட்டத்தால் வருகிற நல்ல பெயரெல்லாம் தனக்கே இருக்கட்டும் என்று பார்க்கிறாரே என்று நினைத்தேன். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.