பதினாறு முனியாண்டிகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் ரூலர் கிடக்கிறது. அதன் ஒரு முனையில் பல் தடம். கடித்தது நான்தான். தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்ட அலுவலகத்தில், பட்டப்பகல் பதினொரு மணிக்கு, பயத்தில் கடித்தேன்.

ரூலருக்குச் சொந்தக்காரர் அந்தத் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி அக்கா. தோட்டம் கைமாறியதால் லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்களுக்கு அம்பாங்கானில் வீடு தருவதாக ஏற்பாடு. அக்கா எக்செல்லில் தட்டி வைத்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பத் தலைவர்களையும் தரவுத்தளத்தில் ஏற்றி, நண்பகலுக்குள் வீடு ஒதுக்குபவர்களுக்கு அனுப்ப வேண்டும். பட்டியலில் இல்லாதவருக்கு வீடு இல்லை. அதற்குத்தான் கம்ப்யூட்டர் நிபுணர் என்று என்னை அழைத்திருந்தார்கள்.

ஒருவரை இன்னொருவரிடமிருந்து பட்டியலின் எந்தப் பத்தியை வைத்துப் பிரிப்பது என்று மென்பொருள் கேட்டது. அடையாள அட்டை எண்கள் சிலவற்றில் நடுவே கோடு இருந்தது, சிலவற்றில் இல்லை. திருத்தச் சோம்பல்பட்டு, பெயரைக் காட்டிவிட்டேன். 'வெற்றி' என்றது திரை. நான் சுழல் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

அக்கா சுற்றவில்லை. ரூலரைத் திரைமேல் வைத்து வரிவரியாக இறங்கினார். நிபுணனுக்குச் சிரிப்பு வந்தது. ரூலர் நின்றது.

"தம்பி, பதினாறு முனியாண்டி இருக்கணும். ஒருத்தன்தான நிக்கிறான்?"

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுக்கா."

"அப்ப மத்த பதினஞ்சு பேரு பீடி வாங்கப் போயிட்டானுங்களா? அதுல ஒருத்தரு எங்கப்பா லா!"

எண்ணிப் பார்த்தேன். நூற்று எழுபத்தொரு பேர்தான். ஒரே பெயர் மறுபடி வந்தபோதெல்லாம் பின்னால் வந்தவர் முன்னவரை அழித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தொரு குடும்பத்தை ஒரே சொடுக்கில் தெருவில் நிறுத்தியிருந்தேன். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன், காரணமே இல்லாமல். ஓடிவிட மோட்டார் சைக்கிளை எங்கே நிறுத்தினேன் என்றுகூட யோசித்தேன். கையில் அகப்பட்ட ரூலரைக் கடித்தேன்.

"ரூலர விடு, பசிச்சா ரொட்டி இருக்கு" என்றார் அக்கா. "காலையில பெரட்டுல, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கக் கூப்பிடுறப்ப முனியாண்டின்னா பதினாறு பேரு கைதூக்குவான். அதான் நான் நம்பரச் சொல்லிக் கூப்பிடுவேன்."

அவ்வளவுதான், மண்டையில் பல்பு எரிந்தது! பழைய எக்செல் பத்திரமாக இருந்தது. அக்கா ரூலர் வைத்து எண்களை வாசிக்க, நான் கோடுகளை நீக்கினேன். இந்த முறை அடையாள அட்டை எண்ணைக் காட்டி ஏற்றினேன். இருநூற்றுப் பன்னிரண்டு! பதினாறு முனியாண்டிகளும் பெரட்டுக்கு வந்தவர்கள்போல் திரையில் வரிசையாக நின்றார்கள். அக்கா எழுந்து நின்று, "ஒன்பதாவது எங்கப்பா!" என்று மேசையைத் தட்டினார். பன்னிரண்டடிக்க ஏழு நிமிடம் இருக்கையில் பட்டியல் போனது.

இப்போது செனாவாங் தொழிற்சாலையில் வேலை. 'வெற்றி' என்று எந்தத் திரை சொன்னாலும் ரூலரை வைத்து இறங்கிப் பார்க்கிறேன்; சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். போன வாரம் அம்பாங்கான் வீட்டிலிருந்து அக்கா பேசினார். பின்னால் அவர் அப்பா டிவியோடு சண்டை போடும் சத்தம். அன்று என் பையோடு வந்துவிட்ட ரூலரைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் லா, நீயே வச்சுக்க. அடுத்த வாட்டி கடிக்க என்னா செய்வ?"