யாரால் தாமதம்

சலவைக் கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அப்படியே. கடையைத் திறந்த நாள்முதல் பன்னிரண்டு வருடங்களாக அவளுடைய தம்பி “அக்கா, அக்கா” என்று கத்தியதில் தெருவுக்கே தொற்றிக்கொண்ட பேர் அது. துணி வாங்கிச் சீட்டு எழுதுவதும் கறை எடுப்பதும் அவள் பாடு. இயந்திரம், இஸ்திரி, வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் தம்பி பாடு. கடைப் பத்திரத்தில் மட்டும் அவன் பேர்தான் இருந்தது. “ரெண்டு பேர் கையெழுத்துன்னா ரெண்டு நாள் அலையணும்க்கா” என்றான் அப்போது. அவளும் விட்டுவிட்டாள்.

அடுத்த தெருவில் புதிதாக ஒரு சலவைக் கடை வந்தது. காலையில் கொடுத்தால் மாலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று வாசலில் பலகை. இங்கே வந்துகொண்டிருந்த கூட்டம் அங்கே சாய்ந்தது. தம்பி தன் பள்ளித் தோழன் ஒருவனைக் கூட்டிவந்தான். தள்ளாடுகிற கடைகளுக்கு யோசனை சொல்வதே அவனுக்குப் பிழைப்பு. வந்தவன் இஸ்திரி மேசையை ஜன்னலோரம் தள்ளிப்போட்டான். துணி மூட்டைகளை நாள்வாரியாக அடுக்கச் சொன்னான். ஒரு நீள நோட்டை ஆணியில் மாட்டினான். என்ன துணி, என்றைக்குத் தர வேண்டியது, என்றைக்குத் தந்தது, யாரால் தாமதம். நான்கு கட்டங்கள். ஒரு மாதம்.

“உள்ளதை மட்டும் எழுதுங்கக்கா. யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல. ஓட்டை எங்கன்னு தெரிஞ்சாத்தானே அடைக்க முடியும்?”

கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதுகிற வேலை அவள் தலையில் விழுந்தது.

முதல் நாளே தம்பி பதினோரு மணிக்கு வந்தான். எட்டுச் சட்டைகள் தேய்க்காமல் கிடந்தன. நான்காவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. இதைத் தோழன் படிப்பான். தம்பி மனைவியும் கடைக்கு வந்தால் சும்மா இருக்கமாட்டாள், எல்லாவற்றையும் புரட்டிப் பார்ப்பாள். ‘நான்’ என்று எழுதினாள். மறுவாரம் ஒரு நீலக் கோட்டை அவன் பொசுக்கினான். அதைச் சரிசெய்து கொடுக்க நான்கு நாள் ஆயிற்று. அதற்கும் ‘நான்’.

தம்பி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “என்னக்கா, என் பாவமெல்லாம் உன் தலையிலயா?”

“போடா. ஒரு மாசம்தானே. உன் சிநேகிதன் முன்னாடி நீ தலைகுனிஞ்சு நிக்கணுமா?”

அவன் டீயைக் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனான்.

பஸ் ஓட்டுகிற அவள் கணவருக்கு இது தெரிந்திருந்தால் சும்மா விட்டிருக்கமாட்டார். “உன் தம்பிக்குச் சளி பிடிச்சா நீ மூக்கைச் சிந்துவே” என்பது அவருடைய பழைய கிண்டல். அதனால் அவரிடம் சொல்லவில்லை.

மாதம் முடிந்தது. தோழன் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எண்ணினான். முப்பத்தொரு தாமதம். அதில் இருபத்தாறு ‘நான்’. அவன் குரலைத் தாழ்த்தினான்.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எல்லாம் உங்ககிட்டதான் வந்து தேங்குது. இத்தனை வருஷம் உழைச்சாச்சு, இனி வீட்ல நிம்மதியா இருங்க. கறை வேலைய வெளிய குடுத்துக்கலாம்.”

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. தம்பியைப் பார்த்தாள். இதோ, இப்போது சொல்லிவிடுவான். அவன் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றி முடித்தான். அவிழ்த்தான். மறுபடி சுற்றினான்.

“நீ சொல்லுடா. அந்த நீலக் கோட்டு பொசுங்கின அன்னிக்கு நான் எங்க இருந்தேன்?”

காதுவலியில் துடித்த அவனுடைய மகளை மடியில் போட்டுக்கொண்டு, அன்று மத்தியானம் முழுக்க டாக்டர் வீட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“கடையிலதான்க்கா இருந்தே” என்றான், தலையைத் தூக்காமல். “நீயேதானே எழுதியிருக்கே.”

தோழன் மரியாதையாக நோட்டை அவள் பக்கம் திருப்பிவைத்தான். குண்டு குண்டாக அவளுடைய எழுத்து. அதனடியிலிருந்து ஒரு தாள் எட்டிப் பார்த்தது. உருவினாள். வருகிற முதல் தேதியிலிருந்து யார் யாருக்கு என்ன வேலை என்று அச்சடித்திருந்தது. சீட்டு எழுதுவது: தம்பி மனைவி. கீழே தம்பியின் கையெழுத்தும் தேதியும். பத்து நாள் பழைய தேதி.

அந்தப் பத்து நாளில் மட்டும் அவள் ஏழு ‘நான்’ எழுதியிருந்தாள். ஒவ்வொன்றையும் எழுதும்போது அவன் பக்கத்தில்தான் இருந்தான். ஒரு தடவை பேனா எழுதவில்லை என்று தன் பேனாவை நீட்டியவனும் அவன்தான்.

“நல்லா இருடா” என்று மட்டும் சொன்னாள். வாழ்த்தா வயிற்றெரிச்சலா என்று அவளுக்கே தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவன் “அக்கா” என்றுகூடக் கூப்பிடவில்லை.

வீட்டில் கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். “என்ன, இன்னைக்கு இவ்வளவு சீக்கிரம்?”

“எனக்குத்தான் கொஞ்ச நாளா முடியலைங்க. நானேதான் போதும்னு…”

சொற்கள் தாமாகவே வரிசையாக வந்துகொண்டிருந்தன. பாதியில் வாயை மூடிக்கொண்டாள். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

“இல்ல. தம்பி என்னைக் கடையை விட்டு அனுப்பிட்டான்.”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். கிண்டல் எதுவும் வரவில்லை.

“எட்டுச் சட்டை லேட்டானது அவனால” என்றாள். “கோட்டைப் பொசுக்கினது அவன். டீச்சரம்மா வீட்டுத் திரைச்சீலையை மாத்திக் குடுத்தது அவன்.” வாசலில் நின்றபடியே, விரல் மடக்கி, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள்.