லாரி வராத ராத்திரி

அலமாரியில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுவென்று நடுங்கும் சத்தத்தில்தான் நான் வளர்ந்தேன். அரியலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வழியாக சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் விடிய விடிய ஓடும், வீடே அதிரும், புழுதி சோற்றில்கூட விழும். நாங்கள் பாட்டுக்குக் குறட்டை விடுவோம். அப்பாவும் அந்த லாரிகளில் ஒன்றைத்தான் ஓட்டினார். வீட்டைத் தாண்டும்போது மட்டும் ஹாரனை லேசாகத் தட்டுவார். ஒரு "நடை" முடிந்தது என்று நானும் புரண்டு படுப்பேன்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை வந்தது. கணக்கில் பெயிலாகிவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவது என்று வீட்டில் பேச்சு இருந்ததால், எனக்குப் பல நாளாக உறக்கமே இல்லை; கண்ணை மூடினால் வெறும் விடைத்தாள். "புள்ள தூங்கவே மாட்டேங்குது" என்று அம்மா அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்.

பரீட்சைக்கு முந்தின இரவு ஒரு லாரிகூட வரவில்லை. டம்ளர்கள் அசையவில்லை. ஹாரன் இல்லை. எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. குவாரியில் மண் சரிந்துவிட்டதோ, பாதையில் வண்டி கவிழ்ந்து கிடப்பதால்தான் எல்லாம் நிற்கிறதோ, கவிழ்ந்தது அப்பாவுடைய வண்டியோ என்று ஒன்றின்மேல் ஒன்றாகத் தோன்ற, பரீட்சை எங்கே போனதென்றே தெரியவில்லை. வண்டி ஓட்டுகிறவருக்கு போன் போடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அம்மாவை எழுப்பிச் சொல்லலாம்தான், ஆனால் வாயால் சொன்னால் பலித்துவிடுமோ என்று பயந்து அப்படியே கிடந்தேன்.

விடிந்ததும் அப்பா நடந்து வந்தார். தலையெல்லாம் வெள்ளைப் புழுதி, வாயெல்லாம் பல்.

"வண்டிய ஓரங்கட்டிட்டு, ராத்திரி பூரா முக்குல நின்னு அத்தன லாரியையும் சுத்துவழியில திருப்பிவுட்டேன். நல்லா தூங்குனியா பாப்பா?"

"நல்லா தூங்குனேம்ப்பா" என்றேன். கண் எரிய எரியப் பரீட்சைக்குப் போய் உட்கார்ந்தேன், ஆனால் முதல் கணக்கிலிருந்து கடைசி வரை நிற்காமல் போட்டேன். அந்தப் பரீட்சையைவிடப் பெரிய பயத்தை ராத்திரியே பார்த்தாகிவிட்டது. பாஸானேன்.

இன்று பைபாஸ் வந்துவிட்டது, எங்கள் சாலையில் கல் லாரியே கிடையாது, அப்பாவும் ஓட்டுவதை விட்டுவிட்டார். பரீட்சை எழுதப் போகும் பிள்ளை எது வந்தாலும் பிடித்து உட்கார வைத்து, தான் லாரிகளைத் திருப்பிவிட்டதால்தான் மகள் நிம்மதியாகத் தூங்கிப் பாஸானாள் என்று அளக்கிறார். நான் திருத்துவதில்லை. எதிரே உட்கார்ந்து அளப்பதற்கு மனிதர் இருக்கிறாரே, அது போதும்.