உடைந்த பிட்டும் பல் ஆஸ்பத்திரி அத்தையும்

பத்தொன்பது வருஷம் ஆகிறது. மருமகனுக்கு அது இன்னும் ஆறவில்லை.

கல்யாணம் பேசி முடிப்பதற்கு முன்னால், பெண் வீட்டுக்கு முதல் தடவை போனபோது நடந்தது. கை கழுவிவிட்டுக் குழாயை மூடினார். எப்போதும் மூடுகிற மாதிரிதான் மூடினார். குழாயின் தலை கையோடு வந்துவிட்டது. புதுச் சட்டை தொப்பலாக நனைந்து, சொட்டச் சொட்ட நின்றவரை மாமியாராக வரப்போகிற அத்தை உற்றுப் பார்த்தார். முகத்தை அல்ல, வாயைப் பார்த்தார். பிறகு வீட்டார் அத்தனை பேர் காதிலும் விழ மகளிடம் சொன்னார்.

"பல்லு நல்லா இருக்கு. கைதான் கொஞ்சம் முரடு."

மற்றவர்கள் சிரித்தார்கள், மறந்தும் போனார்கள். மருமகன் மறக்கவில்லை. தச்சு வேலைதான் அவர் தொழில்; ஊரில் பாதி வீட்டுச் சமையலறை அலமாரி அவர் கையால் செய்தது. ஆனால் நாலு வருஷமாகத் தன் வீட்டிலேயே இருக்கிற அத்தையின் அறையில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமானால் வெளியாள்தான் வரவேண்டும். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்குக் காது சூடாகும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். கதவை மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்துவார்.

அத்தை முப்பத்தொரு வருஷம் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். நாலு டாக்டர்கள் மாறினார்கள், அத்தை மாறவில்லை. ஆட்களை அவருக்குப் பெயரால் தெரியாது, பல்லால்தான் தெரியும். பால்காரர் 'முன்பல் சந்து'. எதிர்வீட்டு ஆசிரியை 'மேல் கடைவாய்'. ஓய்வு பெற்ற அன்று, தேய்ந்துபோய்த் தூக்கிப் போட இருந்த கருவிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, கொதிக்கவைத்து, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். தையல் மெஷினில் சிக்கிய நூலை எடுக்கவும், அடுப்பின் ஓட்டைகளில் அடைந்த அழுக்கைக் குத்தவும் அந்த டின் திறக்கும்.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் கட்டு. "இன்னொரு தடவை விழுந்தா இடுப்பு போயிடும்மா, சொல்லிட்டேன்" என்று டாக்டர் பயமுறுத்தி அனுப்பினார். அன்றைக்கே மருமகன் போய், சுவரில் பதிக்கிற பிடிகம்பி ஒன்று வாங்கி வந்தார். பளபளவென்று நல்ல கனமான கம்பி.

"டைல்ஸ் விண்டு போயிடும். வேற ஆளைக் கூப்பிடு" என்றார் அத்தை மகளிடம்.

வேற ஆள் மூன்று தடவை வருகிறேன் என்றார், மூன்று தடவையும் வரவில்லை. கம்பி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அத்தை குளிக்கப் போனால் மகள் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "அம்மா... அம்மா..." என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே ஒரு வாளி நகர்ந்தால் வீடே எழுந்து நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கட்டாயம் வருகிறேன் என்று அந்த ஆள் சத்தியம் செய்திருந்தார். மதியம் கட்டைப் பார்க்க அத்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு மகள் கிளம்பினார். இதுதான் சமயம் என்று மருமகன் எழுந்தார். திரும்பி வருவதற்குள் கம்பியை மாட்டிவிட வேண்டும். டைல்ஸ் விள்ளாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு அத்தை என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட வேண்டும்.

கம்பி வரவேண்டிய இடத்தில் ஒரு பழைய துண்டுக்கொடி இருந்தது. அதைக் கழற்ற, பேட்டரியில் ஓடும் ஸ்க்ரூ டிரைவர் மெஷினை எடுத்து முனையில் பிட்டை மாட்டினார். ஸ்க்ரூ துருப்பிடித்துச் சுவரோடு ஒட்டிக்கிடந்தது. தோளைக் கொடுத்து அழுத்தினார்.

டக்.

பிட் மெஷினின் வாய்க்குள்ளேயே முறிந்துவிட்டது. வெளியே நுனிகூடத் தெரியவில்லை. மெஷினைக் கவிழ்த்துத் தட்டினார். வரவில்லை. மூக்குக் குறடு ஒன்றை நுழைத்தார். அது போக இடமில்லை. கால் இடுக்கில் மெஷினைக் கவ்விக்கொண்டு சுத்தியலால் நாலு போடு போட்டார். பிட்டைப் பிடித்திருக்கும் வளையமும் நகராமல் பாதியில் சிக்கிக்கொண்டது. இருப்பது ஒரே மெஷின். டைல்ஸைத் துளைப்பதும் இதில்தான்.

ஆட்டோ சத்தம் கேட்டது.

"என்ன மாப்ள, யாரைப் போட்டு அடிக்கறீங்க? தெருமுனை வரைக்கும் கேக்குது."

"யாரையும் இல்ல அத்தை."

"கையில சுத்தியல் இருக்கே."

மகள் குளியலறையை எட்டிப் பார்த்தார். "ஏங்க, அம்மாதான் வேணாம்னு சொன்னாங்கல்ல? நாலு மணிக்கு அந்த ஆளு வரப்போறாரு. ஒரு மணி நேரம் பொறுக்க முடியாதா உங்களால?"

மருமகன் சுத்தியலைக் கீழே வைத்தார். அத்தை ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மெஷினை வாங்கி, பழக்கதோஷத்தில் அதன் வாயை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"பேட்டரிய கழட்டிட்டீங்களா?"

கழற்றவில்லை.

"மயக்க ஊசி போடாம வாயில கை வெச்சிருக்கீங்க. கடிச்சிருந்தா?"

பேட்டரி கழன்றது. பிஸ்கட் டின் வந்தது. கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியை வாய்க்கு நேரே பிடித்து அத்தை பார்த்தார்.

"வேர் நிக்குது. ஒரு ஓரம் முறுக்கி மடிஞ்சிருக்கு. இதை நேரா இழுத்தா ஜென்மத்துக்கும் வராது. ரெண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்க. இருபது நிமிஷம் ஆகட்டும்."

"இருபது நிமிஷமா!"

"மருந்து இறங்க வேணாமா?"

மருமகன் எழுந்தார், உட்கார்ந்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அத்தை பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டாவது டாக்டர் மலை மாதிரி இருப்பாராம். ஒரே இழுப்பில் பல்லின் தலை கையோடு வந்துவிடும், வேர் உள்ளேயே நிற்கும். மூன்றாவது டாக்டர் காற்றடித்தால் சாய்ந்துவிடுகிற ஒல்லி. பிடுங்கி முடித்த பிறகு, எப்போ ஆரம்பிப்பீங்க என்று ஆட்கள் கேட்பார்களாம்.

"என்னைத்தானே சொல்றீங்க?" என்றார் மருமகன்.

"உங்களை ஏன் சொல்றேன்? நீங்க என்ன டாக்டரா?"

இருபது நிமிஷம் ஆனது. மருமகன் டின்னை அத்தை பக்கம் நகர்த்தினார். "எடுங்க. நீங்களே பிடுங்கிடுங்க."

"நானா? முப்பத்தொரு வருஷத்துல நான் ஒரு பல்லு பிடுங்கினது கிடையாது மாப்ள. நான் தலையைப் பிடிப்பேன். அதுதான் என் வேலை."

மெஷினை இடது கை மடிப்பில் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த வலது கையின் இரண்டு விரலால் வளையத்தை நெம்பி முன்னால் இழுத்துப் பிடித்தார். முகத்தைச் சுளித்தார், ஆனால் விடவில்லை. மருமகன் டின்னிலிருந்து தட்டையான மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து இடுக்கில் நுழைத்தார்.

"மெதுவா."

"மெதுவாத்தான் பண்றேன்."

"அது உங்க மெதுவா. நான் சொல்றது வேற மெதுவா. பிடுங்காதீங்க. அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம். அதுக்கே தெரியக்கூடாது."

மருமகன் அசைத்தார். மெஷின் நூலளவுகூட நகரவில்லை. அத்தை பிடித்தால் அப்படிப் பிடிக்கிறார். அவருக்கு அது புதுசு. இத்தனை வருஷமும் எதையும் ஒரு முழங்காலால் அமுக்கி, ஒரு கையால் தாங்கி, மிச்சக் கையால் வேலை செய்தவர். மறுமுனையை யாரும் பிடித்தது இல்லை. மறுமுனை ஆடாமல் நின்றால் இவ்வளவு பலம் தேவையே இல்லை என்பது விரலில் தெரிந்தது. தோள் தானாக இறங்கியது.

பிட் ஒரு மயிரிழை நகர்ந்து கிறீச்சிட்டது.

"அத்தை..."

"பேசாதீங்க. வருது. தலையைச் சாய்க்கறேன்."

மகள் ஓடிவந்து கிண்ணத்தை நீட்டினார். முறிந்த துண்டு 'டிங்' என்று கிண்ணத்தில் விழுந்தது.

"துப்பு" என்றார் அத்தை, மெஷினைப் பார்த்து.

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மருமகன் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பேட்டரியைப் போட்டு, வேறு பிட் மாட்டி, ஒரு சுற்று விட்டுப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி ஓடியது.

அத்தை மணிக்கட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே மருமகனின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மகளிடம் போனை வாங்கினார்.

"தம்பி, கிளம்பிட்டீங்களா? இன்னும் இல்லையா? சரி, கிளம்ப வேணாம். இல்லப்பா, கோவம் எல்லாம் இல்ல. வீட்டுலயே ஆள் இருக்கு."

மருமகன் குனிந்து, ஒன்றுமே இல்லாத தரையில் எதையோ தேடினார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து கம்பி வெளியே வந்தது. துண்டுக்கொடியின் துருப்பிடித்த ஸ்க்ரூவை இந்தத் தடவை எண்ணெய் விட்டு, காத்திருந்து, கழற்றினார். மகள் தரையை ஈரம் போகத் துடைத்தார். அத்தை உள்ளே போய், வழக்கமாக நின்று குளிக்கிற இடத்தில் நின்றார்.

"எந்த உயரத்துல போடட்டும் அத்தை? கம்பி வந்த அட்டையில மூணடின்னு போட்டிருக்கு."

"அட்டையா குளிக்கப் போகுது?"

கண்ணை மூடினார். கால் வழுக்கினால் எப்படியோ அப்படி ஒரு பக்கம் சாய்ந்தார். இடது கை தானாகச் சுவருக்குப் போய் ஓரிடத்தில் நின்றது. அதை எடுக்காமல், கண்ணையும் திறக்காமல் சொன்னார்.

"பென்சில் எடுங்க மாப்ள. கை இருக்கற இடத்துல ஒரு கோடு போடுங்க."